ஒரு வார்த்தை போட்டால் போதும்

1935 சனவரி 8, செவ்வாய்

இன்றும் ஆட்டு மூளை. அம்மா கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கி வந்து, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்து, காலை வேளையிலேயே தட்டில் கொட்டிவிட்டாள். "தின்னுடா, மூளைக்கு மூளை" என்றாள். மருத்துவப் பள்ளியில் சேருவதற்கான பரீட்சை ஏப்ரலில் வருகிறது. அதற்குள் நெல்லித்தோப்பில் அறுபடுகிற ஆடுகளின் மூளையெல்லாம் எனக்குள் போய்விடும். போவது தலைக்கு அல்ல, வயிற்றுக்கு என்பதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது?

வாயில் அந்த வழவழப்போடு யூஜின் முசே வீட்டுக்குப் பாடத்துக்குப் போனேன். பிரெஞ்சு சர்க்கார் சுங்கத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர்; இங்கே பெரிய மனிதர்கள் எல்லாரும் முசே, அதாவது ஐயா. என்னைப்போல் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு இயற்கை சாஸ்திரமும் பிரெஞ்சுக் கட்டுரையும் சொல்லிக்கொடுக்கிறார். மூக்குப்பொடி போடுவார். இன்று இருதயத்தின் படத்தை விரித்து வைத்து ரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்று காட்டும்போது ஒரு தும்மல். இடது பக்கம் முழுக்கப் பொடி. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். அந்தக் கைக்குட்டையால் துடைத்ததற்கு அப்படியே விட்டிருக்கலாம்.

சனவரி 11

அப்பா மில்லில் நூற்புப் பகுதி மேஸ்திரி. அங்கே அந்தோணி மேஸ்திரி என்றால் ஆட்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவரே அரிகிருஷ்ணன் முசே என்ற பெயரைக் கேட்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். இத்தனைக்கும் அந்த ஆள் எதிரில்கூட இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

அரிகிருஷ்ணன் மில்லுக்கு ஆள் சேர்த்துவிடுகிறவர். நகரசபையிலும் இருக்கிறார். பியூன் வேலையிலிருந்து பரீட்சை வரைக்கும் அவர் சிபாரிசு இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பது இந்த ஊரின் வேதம்.

"நாளன்னிக்குப் போயி அவர பாத்துட்டு வந்துடலாம். ஒரு வார்த்த போட்டா போதும்" என்றார் அப்பா.

"எதுக்குப்பா? நான்தான் படிக்கிறேனே."

"படிச்சவன்லாம் பாஸ் பண்ணிட்டானா?"

எனக்கு வேண்டியது ஒன்றுதான். இந்தப் பரீட்சையில் யார் தயவும் இல்லாமல் நான் பாஸ் செய்ய வேண்டும். அப்படிச் செய்தேன் என்று நாலு பேருக்குத் தெரியவும் வேண்டும். இரண்டாவதற்காகத்தான் அதிகம் ஆசைப்படுகிறேனோ என்னவோ.

சனவரி 13, ஞாயிறு

போனேன். அம்மா அழுதாள், அதனால் போனேன்.

பூசை முடிந்த கையோடு அரிகிருஷ்ணன் வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே முற்றத்தில் அவர் எண்ணெய்க் குளியலுக்காகக் கோவணத்தோடு பலகையில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஆள் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கோலத்திலேயே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். உழவர்கரையிலிருந்து வந்த ஒருவன், என்னைப்போல் பிரவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை பாஸ் செய்தவன், கோட்டு போட்டவன், அவருடைய செருப்பை எடுத்து வெயில் படாத பக்கம் வைத்தான். யாரும் வைக்கச் சொல்லவில்லை. எனக்குக் குமட்டியது.

எங்கள் முறை வந்தது. அப்பா வளைந்து நின்று, "பையங்க. வைத்தியப் படிப்புப் பரீட்ச எழுதறான்" என்றார். அரிகிருஷ்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. காதுக்குள் போன எண்ணெயைச் சுண்டுவிரலால் குடைந்துகொண்டிருந்தார். பிறகு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு அப்பாவோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார்.

"என்ன சொன்னாரு?" என்று திரும்பும்போது கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. மில்லு விசயம்."

சனவரி 20, ஞாயிறு

எதிர்வீட்டு ஆதிமூலத்தால் பெரிய தொல்லை. மில்லில் தறி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் அவன் வீட்டு முருங்கை மரத்தடியில் ஆட்கள் வந்து சாக்கை விரித்துச் சீட்டுப் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். என் சன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சத்தம் போட்டால்கூடப் பழகிவிடும். இவர்கள் குசுகுசுவென்று பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று காது தானாக அங்கே போய்விடுகிறது. இன்று ஈரல் பாடம் ஒரு வரி ஏறவில்லை.

சாப்பிடும்போது சொன்னேன்: "சீட்டாடறவங்க சண்ட போட்டுக்காம எழுந்து போறத இந்த ஆதிமூலம் வூட்டுலதான் பாக்கறேன். சீட்ட பிரிச்சாங்களான்னே சந்தேகமா இருக்கு."

அம்மா சிரித்தாள். அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, "என்னா சொன்னே?" என்றார். நம் பேச்சு ரசிக்கும்படி இருக்கிறது போலும் என்று நினைத்து இன்னொரு தடவை, கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். ஒருவன் மட்டும் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதையும், ஆள் நடமாட்டம் தெரிந்தால் அவன் இருமுவதையும் நடித்துக் காட்டினேன்.

சனவரி 29

அப்பா ஜிலேபி வாங்கி வந்தார். "அரிகிருஷ்ணன் முசே ஒத்துக்கிட்டாரு. இனிமே கவல இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு ஒடிந்து படிக்கிறேன்; பாஸ் செய்தால் புகழ் அந்த எண்ணெய் முதுகுக்கா? கத்திவிட்டேன். அப்பா சாவதானமாக, "பாஸ் பண்ணா போதும். எப்புடி பண்ணேன்னு எவனும் கேக்க மாட்டான்" என்றார்.

"நான் கேப்பேனே."

"நீ கேட்டு என்ன ஆவப்போவுது?"

ஜிலேபியைத் தின்றேன். அதையும் எழுதிவைக்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 12

ஆதிமூலத்தை மில்லிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். கூட இருந்த சிலரையும். காரணம் சொல்லவில்லை, உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். அம்மா சொல்லிக்கொண்டே பரிமாறினாள். அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார்.

நல்லது. இனி வாரம் முழுக்க எதிரில் உட்கார்ந்திருப்பான்.

பிப்ரவரி 25

நினைத்தது சரி. பகலில் கூரை மேல் ஏறிக்கொண்டு டங்கு டங்கென்று ஆணி அடிக்கிறான். அவன் பெண்சாதி வீராயி ரோட்டு வேலைக்குக் கூடை சுமக்கப் போகிறாள். இன்று நான் சன்னலைப் படாரென்று சாத்தியதைப் பார்த்துவிட்டு மேலிருந்தே கேட்டான்: "படிக்கிறதுக்கு எடைஞ்சலா இருக்கா தம்பி?"

"ஆமா" என்றேன்.

இறங்கிவிட்டான். ஒரு பக்கம் வேய்ந்தபடி, மறுபக்கம் வாயைப் பிளந்தபடி கூரை அப்படியே நிற்கிறது.

மார்ச் 6, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்தேன். தபசுகாலம் வந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம், மூளை நின்றுவிடும் என்பது. அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. அம்மா நேராகச் சாமியாரிடம் போய், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, உடம்பு தாங்காது, இறைச்சி விலக்குகிற சுத்தபோசன நாளிலும் மூளை சாப்பிட உத்தரவு தர வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவர், நோயாளிக்குத்தான் அப்படி உத்தரவு உண்டு என்றாராம். இவள் சளைக்காமல், "அவன் மொகத்த வந்து பாருங்க சாமி" என்றாளாம். கிடைத்துவிட்டது உத்தரவு.

ஊரே கருவாட்டைக்கூடத் தள்ளிவைத்திருக்கும் நாளில் எங்கள் வீட்டு அடுப்பில் மூளை வதங்குகிறது. அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

மார்ச் 22

யூஜின் முசே இன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "ஒனக்கு ஆள் இருக்கில்ல?" இல்லை என்றேன். "இருக்குன்னு கேள்விப்பட்டனே. ஒங்கப்பா அரிகிருஷ்ணன் வூட்டுக்குப் போயி வந்தாராமே" என்று கண்ணைச் சிமிட்டினார். பாடம் சொல்லிக்கொடுக்கிறவருக்கே பாடத்தில் நம்பிக்கை இல்லை. பிறகு எதற்கு ஐயா அந்த இருதயப் படம்?

மார்ச் 23

படிப்பு. படிப்பு. வயிற்றில் அமிலம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

எழுத்துப் பரீட்சை. வாய்க்காலைத் தாண்டி வெள்ளைக்காரர் பக்கம் போகும்போதே கோட்டுக்குள் வேர்வை ஊற்றியது. கட்டுரை பரவாயில்லை. சாஸ்திரம் நன்றாக எழுதினேன். உழவர்கரைக்காரன் பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். அவனுக்கு என்ன, செருப்பு எழுதும்.

ஏப்ரல் 11, வியாழன்

வாய்மொழிப் பரீட்சை. சீமையிலிருந்து வந்து கொஞ்ச நாளே ஆன டாக்டர் ஒருவர். சிவந்த முகம், களைத்த கண். அவர் எதிரில் மேசைமேல் பீங்கான் தட்டு. தட்டின்மேல் ஆட்டு மூளை.

ஒரு கணம் அம்மாதான் அனுப்பிவைத்தாளோ என்று நினைத்தேன்.

பாகங்களைக் காட்டிச் சொல்லச் சொன்னார். எனக்கு முன்னால் போனவன் முகத்தைச் சுளித்தானாம், தொடவே மாட்டேன் என்றானாம். நான் விரலால் எடுத்துப் புரட்டினேன். எது பெருமூளை, எது சிறுமூளை, எங்கே பிரியும், அந்தச் சவ்வு எப்படி உரியும், எல்லாம் என் விரலுக்கு மூன்று மாதப் பழக்கம். சாப்பிடப் பிடிக்காமல் தட்டில் பிரித்துப் பிரித்துப் பார்த்தது இதற்கு ஆயிற்று. அவர் தலையை ஆட்டி, "பியேன்", நன்று, என்றார். யூஜின் முசே சொல்லித்தராத கேள்விகள் இன்னும் சில கேட்டார். அவற்றையும் சொன்னேன்.

திரும்பும்போது கடற்கரை வழியாக நடந்தேன். யாரும் எனக்காக எதையும் சொல்லாமல் நானே பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உள்ளங்கை இன்னும் வழவழவென்று இருந்தது. இன்றைக்கு அது அருவருப்பாக இல்லை.

மே 7, செவ்வாய்

பாஸ். ஐந்தாவது இடம். உழவர்கரைக்காரன் பெயர் இல்லை.

மே 8

நேற்று ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை ஒருநாளாவது வைத்திருக்கலாம் என்று.

காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாய். "அரிகிருஷ்ணன் முசே தயவு." கறிக்கடைக்காரன் சொன்னான். சாமியார் சொன்னார். யூஜின் முசே பொடியை உறிஞ்சிக்கொண்டு, "நான்தான் சொன்னேனே, ஆள் வேணும்னு" என்றார். நான் என்ன சொன்னாலும் தன்னடக்கம் என்று நினைத்துத் தோளில் தட்டுகிறார்கள். உழவர்கரைக்காரனும் அவரிடம்தானே போனான், அவன் ஏன் பாஸ் செய்யவில்லை என்று கேட்டேன். "அவன் சரியா கவனிச்சிருக்க மாட்டான்" என்கிறார்கள். எதைக் கொண்டு இந்தச் சுவரை உடைப்பது?

மே 12, ஞாயிறு

அப்பா மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கிவிட்டார். வர மாட்டேன் என்றேன். மறுபடி அம்மா. மறுபடி போனேன்.

இன்று அரிகிருஷ்ணன் உடுத்தியிருந்தார். மாலையைக் குனிந்து வாங்காமல் நீட்டிய கையிலேயே வாங்கிப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"வக்கீலுக்குத்தானே படிக்கப்போறே? சொன்னேன், சொன்னேன். ஒரு வார்த்ததான் போட்டேன், முடிஞ்சிடுச்சி. நாளைக்கு நம்ம கேசு ஏதாவது வந்தா நீதான் நின்னு பேசணும், என்னா?"

அப்பா, "ஆவட்டுங்க முசே" என்றார்.

தெருவுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேட்டியாப்பா? வக்கீலாம். நான் எந்தப் பரீட்ச எழுதினேன்னே அந்தாளுக்குத் தெரியல. எவன்கிட்டயும் எதையும் சொல்லல. நானா பாஸ் பண்ணேன். இப்பவாவது ஒத்துக்க."

வாய்க்கால் ஓரமாக நடந்தோம். பாலத்தில் அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வெயில் என்று நினைத்தேன்.

"அப்ப நான் குடுத்தது?" என்றார்.

"என்ன குடுத்த?"

"பேரு. ஆதிமூலம் பேரு. மில்லுல ரகசியமா சங்கம்னு எவன் கூட்டம் சேக்கறான்னு கேட்டாரு. எனக்கு எங்க தெரியும்? நீதான சொன்னே, சீட்டாட்டத்துல சண்ட இல்லன்னு. இருமறவன்கூட ஒருத்தன் இருக்கான்னு."

மே 13

நீதான சொன்னே.

சொன்னேன். சொன்னேன்தான். கைதட்டல் வேணும்னு சொன்னேன். அதையும் ரெண்டு தடவ சொன்னேன், நடிச்சு வேற காட்டினேன்.

எல்லாரையும் பார்த்துக் குமட்டல் வருது எனக்கு, பொடி, எண்ணெய் முதுகு, செருப்பு தூக்கறவன். அவன் தூக்கினது செருப்பு. நான் ஒரு ஆளோட சோத்தையே இல்ல தூக்கிக் கொண்டுபோய் வெச்சிருக்கேன். அதுவும் ஒண்ணுக்கும் இல்லாம. ஒண்ணுக்குமே இல்லாம.

அப்பா வேலைக்குப் போய்விட்டார். சாப்பிடவில்லை. நானும்.

மே 16, வியாழன்

இதை எழுதத்தான் வேண்டும்.

ஆதிமூலம் வந்தார். ஒரு சீப்புப் பூவன்பழம் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். வேலை இல்லாத வீட்டிலிருந்து பழம். நான் அறைக்குள்ளேயே இருந்துகொண்டேன். சன்னலுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, ஊர்ல எவன் என்ன வேணா சொல்லட்டும். மேல கூர வேயறப்ப நீ படிக்கிறது அத்தனையும் என் காதுல விழுந்துது. ரத்தம் எங்க போவுது, எங்க வருதுன்னு நானே சொல்லுவேன். சிபாரிசுல பாஸ் பண்றவனுக்கு இப்புடி தொண்ட வறண்டு படிக்கணும்னு என்னா தலையெழுத்து? நீயா பாஸ் பண்ணே. என்கிட்ட எவனாவது வந்து பேசட்டும்."

மாதக்கணக்காக யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கிய வார்த்தை. அதை அவர் சொன்னார். "சரிண்ணே" என்று சொல்லிச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறென்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அம்மா பழத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். அந்தப் பக்கமே போக முடியவில்லை.

மே 19, ஞாயிறு

முருங்கை மரத்தடியில் யாரும் இல்லை.

மே 24

அப்பாவிடம், ஆதிமூலத்திடம் நீ போய்ச் சொல்லு என்றேன். "சொன்னா வேல திரும்ப வந்துடுமா?" என்றார். வராது. அரிகிருஷ்ணனிடமாவது போய்க் கேள் என்றேன். "எந்த மொகத்த வெச்சுக்கிட்டு?" என்றார். வளைந்து நிற்கிற அப்பாவைப் பார்த்துத்தான் எனக்கு எரிச்சல் வரும். இன்று அவர் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்ப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மே 26, ஞாயிறு

அவர்கள் கடலூர்ப் பக்கம் போகிறார்கள். வீராயியின் தம்பி அங்கே இருக்கிறானாம், ஏதாவது வேலை கிடைக்கும் என்று. வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். இன்று சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று தெருவைத் தாண்டிப் போனேன்.

"அண்ணே, சீட்டாட்டத்தப் பத்தி எங்கப்பாகிட்ட சொன்னது நான்தான். தெரியாமத்தான் சொன்னேன். அவரு அரிகிருஷ்ணன்கிட்ட சொல்லிட்டாரு."

கயிறு அவர் கையிலேயே நின்றது. வீராயி உள்ளேயிருந்து வந்தாள்.

"எதுக்கு சொன்னாரு?" என்றார்.

"என் பரீட்சைக்கு. சிபாரிசு பண்ணுவாருன்னு."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, எதையோ தப்பாக எண்ணிவிட்டோம் என்கிற யோசனை.

"அப்ப நீயும் சிபாரிசுலதான் பாஸ் பண்ணியா தம்பி?"

இல்லை என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இல்லண்ணே, அந்தாளு வாயே திறக்கல, எந்தப் பரீட்சைன்னுகூட அவனுக்குத் தெரியாது, நானா பாஸ் பண்ணேன், நீங்க சொன்னதுதான் சரி. நாக்கு நுனியில் அத்தனையும் இருந்தது. அதைச் சொன்னால் அவர் வேலை எதற்காகப் போயிற்று என்பதையும் சொன்னதாகிவிடும். ஒன்றுக்கும் இல்லாமல் போயிற்று என்று. அந்த மூட்டையோடு அதையும் சேர்த்து அவர் தலையில் ஏற்ற வேண்டுமா?

"ஆமாண்ணே" என்றேன்.

தலையை ஆட்டினார். கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். "டாக்டர் ஆவறே இல்ல, அது போதும்" என்று மூட்டையைப் பார்த்துச் சொன்னார்.

வீராயி அவரிடம், "இவனுக்குப் போயி பழம் வாங்கியாந்து குடுத்தியே" என்றாள். என் பக்கம் திரும்பிக் காறித் துப்பினாள். என் மேல் படவில்லை. நான் நகரவும் இல்லை.

வண்டி போன பிறகு வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். எதற்குக் கழுவினேன் என்று தெரியவில்லை.

சூலை 1, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. பெரிய கூடம், நீள பெஞ்சு, கார்பாலிக் வாடை. பக்கத்தில் உட்கார்ந்தவன் முத்தியால்பேட்டைக்காரன். பேர் கேட்டான், ஊர் கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒனக்கு யாருப்பா சொன்னாங்க?" என்றான்.

"அரிகிருஷ்ணன் முசே" என்றேன்.

"பெரிய எடந்தான்" என்று சொல்லி, நகர்ந்து உட்கார்ந்து எனக்குக் கூடக் கொஞ்சம் இடம் விட்டான்.